வலைக்குள் சிக்கிய விண்மீன்

பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு நாள் என்பது இருட்டிலேயே தொடங்கியது. வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே, விடிவதற்கு முன்பே எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நிரைக்குச் செல்வார்கள். லயத்து வாசலிலிருந்து பெரட்டுக்களம் வரை நடக்கும் அந்தச் சிறிது நேரத்தில், தலைக்கு மேல் விண்மீன்கள் நிறைந்த வானம் இருந்தது. இன்று அத்தோட்டங்களில் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஈப்போ நகரின் விளக்கொளி பெரும்பாலான விண்மீன்களை மறைத்துவிடுகிறது. ஆனாலும், சுங்கை சிப்புட்டுக்கோ கோலகங்சாருக்கோ போகும் வழியில் விளக்குகள் இல்லாத ஓரிடத்தில் நின்று பார்த்தால் பழைய வானம் அப்படியே இருப்பதைக் காணலாம்.

அந்த வானம் சற்றுச் சிறப்பானது. ஈப்போ நகரம் பூமத்தியரேகைக்கு வடக்கே 5 பாகைக்கும் குறைவான தொலைவில் உள்ளது. இலண்டனில் வாழ்பவருக்குத் தென்கோடி விண்மீன்கள் ஒருநாளும் எழுவதில்லை. மெல்பர்னில் வாழ்பவருக்குத் துருவ விண்மீன் தெரிவதில்லை. பேராக்கில் வாழ்பவர் ஓராண்டு பொறுமையாகப் பார்த்தால் ஏறத்தாழ வானம் முழுவதையுமே பார்த்துவிடலாம்.

வானத்தில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளை மனத்தால் கோடிட்டு இணைத்து உருவம் காண்பது மனித இயல்பு. அப்படிக் கண்ட உருவங்களே விண்மீன் கூட்டங்கள். ஒரே கூட்டத்து விண்மீன்கள் உண்மையில் அருகருகே இருப்பவை அல்ல. ஒன்று மிக அருகிலும் மற்றொன்று அதைவிடப் பல மடங்கு தொலைவிலும் இருக்கலாம். நம் கண்ணுக்கு அவை ஒரே திசையில் தெரிகின்றன, அவ்வளவுதான். எனவே, ஒவ்வொரு மக்களும் தத்தம் வாழ்க்கையை வானத்தில் வரைந்துகொண்டார்கள். கிரேக்கர்கள் ஓரியன் என்னும் வேடனைக் கண்ட இடத்தில், மலாய்க்காரர்கள் விலங்கு பிடிக்கும் பெலாந்திக் பொறியைக் கண்டார்கள். தெற்கே தெரியும் நான்கு விண்மீன்களை ஐரோப்பிய மாலுமிகள் சிலுவை என்றார்கள். மலாய் மீனவர்களுக்கு அது பாரி, அதாவது திருக்கை மீன். உலகம் முழுவதற்கும் பொதுவாக 88 விண்மீன் கூட்டங்கள் என்று வானியலாளர்கள் முடிவு செய்தது 1922ஆம் ஆண்டில்தான்.

தமிழர்கள் வானத்தைப் பார்த்த முறை சற்று வேறானது. அவர்கள் நிலவின் பாதையை அளவுகோலாக வைத்தார்கள். நிலவு வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27 நாள் ஆகிறது. அது நாள்தோறும் தங்கிச் செல்லும் இடங்களாக 27 நட்சத்திரங்களைக் குறித்தார்கள். கொத்தாகத் தெரியும் ஆறு விண்மீன்கள் கார்த்திகை. அதன் அருகே சிவந்து ஒளிர்வது உரோகிணி. கிரேக்க வேடனின் தலை மிருகசீரிடம். அவனது தோளில் செந்நிறத்தில் மின்னுவது திருவாதிரை. முழுநிலவு கார்த்திகைக்கு அருகே நிற்கும் மாதம் கார்த்திகை மாதம். பூசத்துக்கு அருகே நிற்கும் மாதம் தை. ஈப்போவில் குனோங் சீரோ சுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடிகள் செல்லும் தைப்பூசத் திருநாளின் பெயரிலேயே ஒரு நட்சத்திரம் இருக்கிறது.

நிலவு எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த நட்சத்திரத்தில் இருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்வது பஞ்சாங்கம். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்தும் அதில் அடங்கும். திருமணம், திருவிழா, நோன்பு, விதைப்பு என எல்லாவற்றுக்கும் மக்கள் பஞ்சாங்கத்தையே நம்பினார்கள். சென்னையில் அத்தகைய பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம் ஒன்றில் 1820களில் பிறந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார்.

அவர் பிறந்த காலத்தில் பஞ்சாங்கக் கணிதம் எப்படி இருந்தது என்பதை அறிந்தால்தான் அவர் செய்த செயலின் கனம் விளங்கும். தமிழகத்தில் பெரிதும் வழங்கியது வாக்கிய முறை. நிலவு, கோள்கள் ஆகியவற்றின் நிலைகளைக் குறிக்கும் எண்களை எழுத்துகளாக மாற்றி, சிறுசிறு வாக்கியங்களாக அமைத்திருந்தார்கள். நிலவுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நாள் என 248 நாளுக்கு நிலவின் ஓட்டம் அதில் அடங்கிவிடும். கணிதர் அவற்றை மனப்பாடம் செய்திருப்பார். ஏடும் எழுத்தாணியும்கூடத் தேவையில்லை.

இது வெறும் பெருமைப் பேச்சு அன்று. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் என்பவர் 1825ஆம் ஆண்டு காலசங்கலிதம் என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு நேர்ந்த பிழை வெறும் 4 நிமிடம். நடு நேரத்தில் 23 நிமிடமும் முடியும் நேரத்தில் 52 நிமிடமும் பிழை இருந்தது. சோழிகளைக் கொண்டு இவ்வளவு நெருக்கமாகக் கணித்தது வியப்புக்குரியது. அதே வேளையில், அந்த 52 நிமிடத்தையும் மறந்துவிட முடியாது. வாக்கியங்களை இயற்றியவர்கள் அவர்கள் காலத்து வானத்துக்குப் பொருத்தமாக இயற்றினார்கள். எவ்வளவு நல்ல கணக்காயினும் அதில் மிகச் சிறு பிழை ஒன்று இருக்கும். ஓராண்டில் அது கண்ணுக்குத் தெரியாது. பல நூற்றாண்டுகள் கூடக்கூட அது வளர்ந்துவிடும். மெல்லப் பிந்தும் கடிகாரத்தை யாரும் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் வாக்கியங்களுக்கும் ஆயிற்று.

ரகுநாதாச்சாரியார் தம் குடும்பத் தொழிலோடு நின்றுவிடவில்லை. இளம் வயதிலேயே சென்னை வானாய்வகத்தில் பணிக்குச் சேர்ந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு கட்டப்பட்ட அந்த வானாய்வகத்தைக் கிழக்கிந்திய நிறுவனம் நடத்திவந்தது. கப்பல்கள் வழிதவறாமல் செல்லவும் நிலத்தை அளந்து வரைபடம் வரையவும் வானத்தைப் பற்றிய சரியான அளவுகள் நிறுவனத்துக்குத் தேவைப்பட்டன. தொலைநோக்கிகளைத் தாங்குவதற்கென அங்கே ஒரு பெரிய கருங்கல் தூணை நிறுத்தினார்கள். அதில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வானாய்வகம் பற்றிய செய்தியைப் பொறித்தார்கள்.

அங்கே அவர் செய்த வேலையைக் கேட்டால் அது சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றும். நடுவரை வட்டம் என்னும் ஒரு கருவி. அதிலுள்ள தொலைநோக்கி விரும்பிய பக்கமெல்லாம் திரும்பாது. வடக்கு தெற்காக மேலும் கீழும் மட்டுமே அசையும். பார்ப்பவர் விண்மீனைத் தேடிப் போக முடியாது; அது தம் முன்னால் வரும்வரை காத்திருக்க வேண்டும். பூமி சுழல்வதால் ஒவ்வொரு விண்மீனும் ஏதோ ஒரு நேரத்தில் தலைக்கு மேலுள்ள வடக்கு தெற்குக் கோட்டைக் கடந்தே தீரும். தொலைநோக்கியின் கண்வில்லையில் சிலந்தி நூல் போன்ற மெல்லிய இழைகள் கட்டப்பட்டிருக்கும். விண்மீன் ஒவ்வோர் இழையையும் கடக்கும் நொடியைக் கடிகார ஒலியோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைநோக்கி எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். இந்த இரண்டு எண்களும் சேர்ந்தால் அதுதான் வானத்தில் அந்த விண்மீனின் முகவரி. பிறகு அடுத்த விண்மீன். பிறகு அதற்கும் அடுத்தது. இரவெல்லாம், ஆண்டுதோறும் இதுவே வேலை.

1861ஆம் ஆண்டு நோர்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர் அந்த வானாய்வகத்தின் தலைவராக வந்தார். விண்மீன்களின் ஒளியை எண்ணால் அளக்கும் முறைக்கு 1856ஆம் ஆண்டில் சரியான வரையறை தந்தவர் அவர். அந்த முறையில் எண் கூடக்கூட ஒளி குறையும். 1ஆம் தர விண்மீன் 6ஆம் தர விண்மீனைவிட 100 மடங்கு ஒளி மிக்கது. 6ஆம் தரமே வெறுங்கண்ணின் எல்லை. இன்றும் உலக வானியலாளர்கள் இதையே பயன்படுத்துகிறார்கள். போக்சன் தலைமையில் தென்வானத்து விண்மீன்களுக்கு ஒரு புதிய பட்டியல் தயாரிக்கும் பணி தொடங்கியது. ரகுநாதாச்சாரியார் முதல் உதவியாளராக உயர்ந்து அந்தப் பணியில் பெரும் பங்கு ஏற்றார். தலைவர் பதவி அவருக்குக் கிட்டும் என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை; அது ஐரோப்பியர்க்கே உரியதாக இருந்தது.

இத்தகைய வேலையில் ஒரு நன்மை உண்டு. ஒரே விண்மீனை ஆண்டு விட்டு ஆண்டு பார்ப்பவருக்கு, அது மாறினால் தெரிந்துவிடும். பழைய குறிப்பேட்டில் ஒளியோடு பதிவான விண்மீன் இன்று அதே முகவரியில் இல்லை என்றால், குறிப்பு எழுதியவர் தவறு செய்திருக்க வேண்டும். அல்லது விண்மீனே மாறியிருக்க வேண்டும். முதல் முடிவுக்கு வருவது எளிது. பிறர் எழுதிய குறிப்பிலும் தாம் எழுதிய குறிப்பிலும் நம்பிக்கை உள்ளவர்தான் இரண்டாவதை எண்ணிப் பார்ப்பார். 1867ஆம் ஆண்டு, ரகுநாதாச்சாரியார் ரெட்டிகுலம் என்னும் விண்மீன் கூட்டத்தில் ஒரு விண்மீன் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். ஒரு கூட்டத்தில் முதலில் கண்டறியப்படும் மாறுவிண்மீனுக்கு ஆர் என்னும் எழுத்தைக் கொடுப்பது அக்கால வழக்கம். அதன்படி அதற்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர் அமைந்தது.

ஆர் ரெட்டிகுலி முதுமை அடைந்த ஒரு செந்நிறப் பெருவிண்மீன். அது விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி வாழ்கிறது. ஏறத்தாழ 280 நாளுக்கு ஒருமுறை அதன் ஒளி உச்சத்தை எட்டுகிறது. அப்போதும்கூட அது வெறுங்கண்ணின் எல்லைக்குச் சற்று அப்பாலேயே நிற்கும். மங்கும் காலத்தில் ஏறத்தாழ 14ஆம் தரத்துக்குப் போய்விடும். அதாவது, உச்சத்தில் இருந்த ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அக்காலச் சென்னைத் தொலைநோக்கியில் அது காணாமல் போனதில் வியப்பில்லை.

ரெட்டிகுலம் என்னும் பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1750களின் தொடக்கத்தில் லகாய் என்னும் பிரெஞ்சு வானியலாளர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்று தென்வானத்தை அளந்தார். அங்கே பெயரில்லாமல் கிடந்த விண்மீன்களைத் தொகுத்துப் புதிய கூட்டங்களை அமைத்தார். பழங்காலத்தார் வானில் வீரர்களையும் விலங்குகளையும் வைத்தார்கள். லகாயோ தம் காலத்துக் கருவிகளை வைத்தார். ரெட்டிகுலம் என்றால் சிறுவலை. தொலைநோக்கியின் கண்வில்லையில் கட்டிய இழைவலையைத்தான் அவர் அப்படி அழைத்தார். இழைகளுக்கு நடுவே விண்மீன்களைப் பார்த்துப் பார்த்து இரவுகளைக் கழித்த ஒருவரின் பெயரோடு இணைந்திருக்கும் விண்மீன், அந்த இழைவலையின் பெயர் கொண்ட கூட்டத்திலேயே இருப்பது தற்செயல்தான். ஆயினும் பொருத்தமான தற்செயல்.

இந்தக் கூட்டத்துக்குத் தமிழிலோ மலாயிலோ பழைய பெயர் வழங்கவில்லை. காரணம் எளிது. அது நிலவின் பாதையிலிருந்து மிகத் தொலைவில் தெற்கே இருக்கிறது. அதன் விண்மீன்களும் மங்கலானவை. சென்னையிலிருந்து பார்த்தால், ஆர் ரெட்டிகுலி அதன் உச்சியில் நிற்கும்போதுகூடத் தென்தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 14 பாகைதான் உயரும். ஈப்போவிலோ 22 பாகை. ஆகவே, இந்த விண்மீன் கூட்டத்தைக் காணச் சென்னையைவிடப் பேராக்கே நல்ல இடம். ஜனவரி மாத நடுவில், மழையும் முகிலும் இல்லாத ஓர் இரவில், பத்து மணி அளவில் தெற்கு நோக்கி நின்று பாருங்கள். இடப்பக்கம் உயரத்தில் பளிச்சென்று வெண்மையாகத் தெரிவது அகத்தியர் விண்மீன். வலப்பக்கம் அதைவிடச் சற்றுத் தாழ்வாகத் தனித்து நிற்பது ஆக்கர்னர். இவ்விரண்டுக்கும் நடுவே, சிறிய பட்டம் போன்ற வடிவில் மங்கலாகச் சில விண்மீன்கள் தெரியும். அதுவே ரெட்டிகுலம். நகர வெளிச்சத்தில் அது தெரியாது. கிந்தா பள்ளத்தாக்கில் தெற்கே சுண்ணாம்புக் குன்று நின்றாலும் தெரியாது. இடத்தைத் தேர்ந்துகொள்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

அடுத்த ஆண்டே இன்னொரு பெரிய வாய்ப்பு வந்தது. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதன் நிழல் இந்தியாவைக் கடந்து, சயாம் நாட்டின் தென்பகுதி வழியாக போர்னியோவையும் கடந்து சென்றது. பேராக்கில் அது பகுதிக் கிரகணம். ஐரோப்பாவிலிருந்து அறிஞர்கள் இந்தியாவுக்கு வந்து குவிந்தார்கள். சூரியனின் விளிம்பொளியில் அன்று அவர்கள் கண்ட ஒரு மஞ்சள் கோடு, பின்னர் ஹீலியம் என்னும் தனிமத்தின் அடையாளம் என விளங்கியது. போக்சன் மசூலிப்பட்டினத்துக்குச் சென்றார். மற்றொரு குழுவுக்குத் தலைமை ஏற்று, இன்றைய தெலங்கானாவில் உள்ள வனபர்த்திக்குச் சென்றவர் ரகுநாதாச்சாரியார்.

அதே கிரகணத்தைச் சயாமில் கணித்தவர் அந்நாட்டு மன்னர் மோங்குட். அரண்மனைச் சோதிடர்கள் அவர் கணக்கை ஏற்கவில்லை. மன்னரோ வெளிநாட்டு விருந்தினர்களை அழைத்துக்கொண்டு கடற்கரைக் காட்டுக்கே போனார். சிங்கப்பூரிலிருந்து நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநரும் வந்திருந்தார். மன்னர் சொன்னபடியே கிரகணம் நிகழ்ந்தது. ஆனால், அங்கே தொற்றிய மலேரியாக் காய்ச்சலால் அவர் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில் இறந்துபோனார்.

கிரகணம் பஞ்சாங்கத்துக்கு வைக்கப்படும் தேர்வு போன்றது. திதி மாறும் நேரம் சற்றுத் தவறினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கிரகணம் தவறினால் ஊரே பார்க்கும். ரகுநாதாச்சாரியார் இரவில் வானாய்வகத்தில் அளந்த எண்களும், பகலில் மக்கள் கையிலிருந்த பஞ்சாங்கத்து எண்களும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் எது சரி என்பதில் அவருக்கு ஐயம் இருந்திருக்க முடியாது. தம் கண்ணால் பார்த்தவர் அவர். எனினும், பஞ்சாங்கத்தை ஒதுக்கிவிட்டு ஆங்கிலேயரின் அட்டவணையோடு நின்றுவிட அவர் விரும்பவில்லை. பஞ்சாங்கத்தையே திருத்த முற்பட்டார். பார்வையோடு ஒத்துப்பார்த்துத் திருத்திய கணக்கின்படி திருக்கணிதப் பஞ்சாங்கம் என்ற பெயரில் பல ஆண்டுகள் பஞ்சாங்கம் வெளியிட்டார்.

இந்தப் பெயரைப் பலர் தவறாகப் பொருள் கொள்கிறார்கள். இதிலுள்ள முதற்பகுதி திருக்குறள், திருவிழா ஆகிய சொற்களில் வரும் திரு அன்று. திருக் என்பது பார்வை என்னும் பொருளுடைய வடசொல்லின் தமிழ் வடிவம். பார்த்துக் கணித்தது என்பதே திருக்கணிதத்தின் பொருள்.

வாக்கிய முறையைப் பின்பற்றியவர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. அவர்களை அறியாமை உடையவர்கள் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. திருவிழாவும் நோன்பும் ஊர் முழுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். அதற்கு எல்லாரும் ஒரே கணக்கைப் பின்பற்ற வேண்டும். முன்னோர் வகுத்த வழியை ஒருவர் மாற்றினால் நாளைக்கு இன்னொருவரும் மாற்றுவாரே என்று அவர்கள் அஞ்சினார்கள். ரகுநாதாச்சாரியாரின் பக்கத்திலும் ஒரு வலுவான வாதம் இருந்தது. வாக்கியங்களை இயற்றிய முன்னோரும் ஒரு காலத்தில் வானத்தைப் பார்த்தே இயற்றினார்கள். எனவே, மீண்டும் வானத்தைப் பார்ப்பது முன்னோர் வழியை விட்டு விலகுவது ஆகாது. இந்த எண்ணம் அவருக்கு மட்டும் தோன்றியதன்று. காசியில் பாபுதேவ சாஸ்திரியாரும் அதே காலத்தில் பஞ்சாங்கத்தைத் திருத்த முயன்றார். ஒரிசாவில் சமந்த சந்திரசேகரர், தொலைநோக்கி ஏதுமின்றி, மூங்கிலாலும் மரத்தாலும் தாமே செய்துகொண்ட கருவிகளைக் கொண்டு வானத்தை அளந்துகொண்டிருந்தார்.

1872ஆம் ஆண்டு இலண்டன் அரச வானியல் கழகம் ரகுநாதாச்சாரியாரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1874ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லவிருந்தது. வெள்ளி எனவும் வழங்கும் இக்கோள், சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நேர்கோட்டில் வரும்போது சூரியன்மேல் ஒரு கரும்பொட்டாகத் தெரியும். இது மிக அரிய நிகழ்ச்சி. எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை நிகழும்; பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேல் நிகழாது. அண்மையில் 2004, 2012 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தது; மலேசியாவிலும் தெரிந்தது. அடுத்தது 2117ஆம் ஆண்டில்தான். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை அளக்க இது உதவும் என்பதால் உலகெங்கும் அறிஞர்கள் கருவிகளோடு காத்திருந்தார்கள். ரகுநாதாச்சாரியாரோ அந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சொல்லும் நூல் ஒன்றை எழுதினார். அது ஆங்கிலத்தில் மட்டுமன்றிப் பல இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. வானாய்வகத்துச் சுவருக்குள் இருந்த அறிவைத் தெருவுக்குக் கொண்டுவந்த நூல் அது. அவர் செய்தவற்றுள் இதுவே மிகப் பெரியது என்றுகூடச் சொல்லலாம். பேராக்கின் வரலாற்றை மாற்றிய பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே 1874ஆம் ஆண்டில்தான். மூன்று ஆண்டுகள் கழித்துக் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. சென்னையிலிருந்து கப்பல் ஏறிப் பேராக்குக்கு வந்த தமிழர்கள், தம் மூட்டையோடு பஞ்சாங்கத்தையும் கோயில் திருநாள்களையும் இங்கே கொண்டுவந்தார்கள்.

ரகுநாதாச்சாரியார் 1880ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் காலமானார். அவர் உழைத்த விண்மீன் பட்டியல் அப்போது அச்சேறியிருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தே அது முழுமையாக வெளிவந்தது. 1899ஆம் ஆண்டு வானாய்வுப் பணி கொடைக்கானல் மலைக்கு மாற்றப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது; தமிழ் எழுத்துப் பொறித்த கருங்கல் தூண் அதன் வளாகத்தில் நிற்கிறது.

பஞ்சாங்க வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. வாக்கியப் பஞ்சாங்கமும் இருக்கிறது. திருக்கணிதப் பஞ்சாங்கமும் இருக்கிறது. மலேசியத் தமிழர் வீடுகளிலும் கோயில்களிலும் இரண்டையும் காணலாம். சனிக்கோள் மீன ராசிக்குள் நுழையும் நாள் திருக்கணிதத்தின்படி 2025ஆம் ஆண்டு மார்ச் 29. வாக்கியத்தின்படி 2026ஆம் ஆண்டு மார்ச் 6. ஒரே கோளுக்கு ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு. சனியைக் காணத் தொலைநோக்கி தேவையில்லை. அது வெறுங்கண்ணுக்கே மின்னாத, மஞ்சள் சாயல் கொண்ட ஒளிப்புள்ளியாகத் தெரியும். ஆர் ரெட்டிகுலியைப் பார்ப்பதற்குத்தான் ஒரு சிறிய தொலைநோக்கி வேண்டும். தென்னரைக்கோளத்தில் வானம் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இன்றும் அதன் ஒளியை அளந்து குறித்துவருகிறார்கள்.